தறிக்குழியில் விழுந்த ஆறுமணிக்குருவி

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் எங்கள் தறிக்குழிக்குள் ஒரு பறவை கிடந்தது. நெய்ய உட்காரப் போன என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. யாரோ பட்டுநூலைச் சுருட்டிப் போட்டதுபோல இருந்தது.

"இன்னாங்க இது, உயிர் கீதா?"

"மூச்சு வாங்கிக்கினு கீது பாரு. சத்தம் போடாத."

கூடையால் மூடிவைத்தோம். படம் எடுத்து, சென்னையில் படிக்கும் மகளுக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தாள்.

"ஆறுமணிக்குருவிமா. இமயமலைப் பக்கத்துல இருந்து வருது. காலைலயும் சாயங்காலமும் ஆறு மணிவாக்குல சீழ்க்கை அடிக்கும். காட்டு நிழல்ல சருகைக் கிளறித்தான் புழு தின்னும். வூட்ல வச்சிக்காத."

ஏரிக்கரையில் அம்மன் கோயில் காடு இருக்கிறது. நாவலும் காயாவும் கொடிகளும் பின்னிக் கிடக்க, நடுப்பகலிலும் அங்கே அந்திபோலத்தான் இருக்கும். சாயங்காலம் கூடையை அங்கே கொண்டுபோய்த் திறந்தோம். பறவை கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒரு குதி, இன்னொரு குதி. ஈரச் சருகு ஒன்றைப் புரட்டியது. இருட்டும் நேரத்தில் எங்கிருந்தோ இரண்டு சீழ்க்கை கேட்டது. அந்தச் சத்தத்திலேயே மனம் நிற்க, தண்ணீருக்குள் நடப்பவள்போல வீடு வந்து சேர்ந்தேன். அதன்பின் தினமும் அந்த நேரத்துக்குக் கால்கள் அங்கேதான் போயின.

பொங்கல் நெருங்கியபோது, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் என் கணவரின் அண்ணன், காட்டைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டார்.

"ஊரே கூடும். பாம்பு கீம்பு கடிச்சா யாரு பதில் சொல்றது? சருகைக் கூட்டிக் கொளுத்திடலாம்."

அவர் எதிரில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று திறந்தேன்.

"முன்னால மட்டும் கூட்டிக்கலாம் மாமா. பின்னால வாணாம். ஒரு வாட்டி வந்து பாருங்க."

என்ன நினைத்தாரோ, வந்தார். மரத்தடியில் அவரும் நானும் என் கணவரும் காத்திருந்தோம். சருகுக்கு நடுவே அந்தப் பச்சையும் சிவப்பும் குதித்து வந்தன. அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஆட்களிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"கோயிலுக்குப் பின்னால கை வைக்காதீங்கபா. அம்மனுக்கு நிழல் வேணும்."

கோடையில் பறவை போய்விட்டது. ஆடியில் மழை பெய்ததும் போய்ப் பார்த்தேன். எரிக்காமல் விட்ட சருகைத் தள்ளிக்கொண்டு நாவல் கன்றுகள் எழுந்திருந்தன, தளிர்கள் செம்பு நிறத்தில். கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தேன்.