அக்காவின் பேரில் நான்

எங்கள் வீட்டில் மூத்தவள் அக்கா. ஆனால் லயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைத்தான் மூத்தவள் என்பார்கள். இலங்கையில் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்; குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக நீளும் தொழிலாளர் வரிசை வீடுகள்தான் லயம். நாங்கள் மூன்று பிள்ளைகள், தின்றது ஒரே சட்டிச் சோறு. நான் நெடுநெடுவென்று வளர்ந்தேன். அண்ணனுக்கு நடக்கும்போது முழங்கால் இரண்டும் முட்டும், அவ்வளவுதான். அக்காவோ நான்கு வயதுக்குப் பிறகு கால்கள் வளைந்து, நெஞ்சுக்கூடு முன்னே தள்ளி, என் நெஞ்சளவிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா வளத்தியையும் சேத்துத் தின்னுட்டாடி இவ" என்று பக்கத்துக் காம்பரா அத்தை கேலி செய்வாள். நான் அதை நம்பினேன். என் ரொட்டியில் பாதியை ஒளித்து அக்காவுக்குக் கொடுத்தேன். தின்றாள், வளரவில்லை. தாய் தகப்பன் இருவர் இரத்தத்திலும் இருக்கிற நோய், ஒரு பிள்ளையைப் பிடிக்கும், ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகும், ஒன்றை விட்டுவிடும் என்று ஒரு டாக்டர் சொல்லக் கேட்டபோது எனக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைக்கும் அது எனக்கு முழுதாக விளங்கியதில்லை.

பதின்மூன்று ஆனதும் பேர் பதிய வேண்டும் என்று அக்கா ஒரே பிடிவாதம். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவர்தான் ஆள். லயத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று கொழுந்து கிள்ளிப் பழகினாள். இடுப்பில் கட்டப் படங்குச் சாக்கும் தானே தைத்துக்கொண்டாள்.

அம்மா அக்காவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு, ஆள் பதியும் கணக்கப்பிள்ளையிடம் போனாள். அவர் பத்திரத்தைப் பார்த்தார், என் உயரத்தைப் பார்த்தார். "நாளைக்குப் பெரட்டுக்கு வரச் சொல்லு" என்றார். பத்திரத்தில் இருப்பது நான் இல்லை என்று அம்மா சொல்லவில்லை. எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

வீட்டுக்கு வந்து அம்மா அக்காவிடம் சொன்னாள். "செடி ஒன் தலைக்கு மேல நிக்கிதும்மா. ஒன் பேர்லதானே அவ போறா."

 விடிந்ததும் அக்கா தன் படங்கை எடுத்து எனக்குக் கட்டிவிட்டாள். "முட்டிக்கு மேல நிக்கிது பாரு, நெட்டச்சி" என்றாள். பிறகு அந்தக் கால்களோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் வரைக்கும் எங்கள் பின்னாலேயே இறங்கி வந்தாள்.

கணக்கப்பிள்ளை வரிசையாகப் பேர் கூப்பிட்டார். அக்காவின் பேர் வந்தது. அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"இருக்கேங்கய்யா!"

அக்காவின் குரல். களமே திரும்பிப் பார்த்தது.

"அட, புள்ளைக் காம்பராவுல வுட வேண்டியத யாரு இங்க கூட்டியாந்தது?" என்றார் கணக்கப்பிள்ளை. கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற இடம் அது; பெண்கள் சிரித்தார்கள்.

அக்கா என் முதுகில் கையை வைத்து முன்னே தள்ளினாள். "இவதாங்கய்யா அது. வாயத் தொறக்க மாட்டா. அதான் நான் சொன்னேன்."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். அவள் வேடிக்கை காட்டத்தான் குரல் கொடுத்தாள் என்று நினைத்து, நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.