பூசைக்கு முன் பிரித்த எஸ்.எஸ்.டி.

புதுப் பொருள் எதுவானாலும் முருகன் படத்தின் முன் வைத்துக் கும்பிட்ட பிறகே பிரிப்பது எங்கள் வீட்டு வழக்கம். மகளுக்குப் பாகங்களை வாங்கிப் புதுக் கம்ப்யூட்டர் பூட்டுவதற்காக, குண்டசாலையிலிருந்து கண்டிக்கு, கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி. வாங்கப் போனோம். படிப்புக்காக அவள் வரைந்த கட்டட வரைபடங்கள் எல்லாம் இனி அதற்குள்தான் இருக்கப்போகின்றன.

கடைக்காரத் தம்பி காட்டியது மற்றக் கடைகளைவிட மிகவும் மலிவு. எனக்கு மனம் ஒப்பவில்லை. "இங்கேயே போட்டுப் பார்க்கலாமா?" என்றேன்.

அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "என்னண்ணே, பூசை போடாம சீல் உடைக்கலாமா? வீட்டுக்குக் கொண்டுபோய் நல்ல நேரம் பார்த்துப் பிரிங்க."

நியாயந்தான் என்று காசை எடுக்கப் போனேன். ஆனால் என் பூசையில் இவருக்கு ஏன் இத்தனை அக்கறை?

"சாமி கோவிச்சுக்க மாட்டாரு, பிரிங்க தம்பி," என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். மகள் கையோடு பென் டிரைவில் கொண்டுவந்த வரைபடங்களைக் கடைக் கம்ப்யூட்டர் வழியாக அதில் ஏற்றினாள். எல்லாம் ஏறியதாகக் காட்டியது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் திறக்கவே இல்லை.

"அப்பா, இது போலி. பெட்டியில போட்டிருக்கிற அளவு உள்ளுக்கு இல்ல," என்றாள்.

வேறு கடையில் வாங்கினோம். புதுப் பொருளைக் கும்பிடுவதை நான் விடவில்லை. கடையிலேயே பிரித்துப் போட்டுப் பார்த்த பிறகு கும்பிடுகிறேன். முருகன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.