சீனப் புத்தாண்டு ஊர்வலத்தில் ஓர் இரட்டைச் சடை

சான் பிரான்சிஸ்கோ சீனப் புத்தாண்டு ஊர்வலத்துக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் முதலில் போனது எண்பத்தாறில், பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில். அமெரிக்காவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கணவர் இல்லாமல் தெருமுனைக் கடையைத் தாண்டியதில்லை.

பக்கத்து அபார்ட்மென்ட்டில் மே என்ற சீனப் பெண் இருந்தாள்; சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்தாள். அவள் மகள் லின்னுக்கு எட்டு வயது. அன்று ஊர்வலத்தில் ஆட வேண்டியவள். அழைத்துப் போவதாக இருந்த மேயின் தம்பிக்குத் திடீரென்று காய்ச்சல். மே வேலையிடத்திலிருந்து போனில் என்னிடம் கெஞ்சினாள். நான் கணவரின் ஆபீசுக்கு போன் செய்தேன்.

"ட்ரெயின்ல தனியா மேனேஜ் பண்ணிடுவியா?"

"தனியா எங்க? லின் இருக்காளே."



ஃப்ரீமாண்ட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நாற்பது மைல்; ரயிலில் ஐம்பது நிமிடம். போகவர எனக்கு நான்கு டாலருக்குள்தான். மூன்று இருபது ரயிலைப் பிடித்தோம். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தும், ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கிவிட்டேன். சுரங்க ஸ்டேஷனிலிருந்து மேலே வந்தால் நல்ல மழை. பூ விற்றுக்கொண்டிருந்தவர், "நேரே போம்மா, டிரம் சத்தம் கேக்கும்," என்று ஆங்கிலத்தில் கைகாட்டினார். ஓடினோம்.

நாலரைக்கு வரச் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். மற்ற சிறுமிகளின் தலையில் அழகாக இரண்டு கொண்டைகள். லின்னுடையவை மழையில் அவிழ்ந்து தொங்கின. "டீச்சர் என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க ஆன்ட்டி," என்று அழத் தொடங்கினாள். எனக்கு அந்தக் கொண்டை போடத் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன்: அவளுடைய சிவப்பு ரிப்பனை வைத்து இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டினேன். டீச்சர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவளை இரண்டாவது வரிசையில் நிறுத்தினார்.

ஆறு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. நடைபாதைக் கூட்டத்தில் முட்டி மோதி மேயின் உணவகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வெடிச்சரம் காதைப் பிளந்தது. எத்தனையோ பேர் தூக்கி வந்த டிராகன், தெரு முழுக்க நெளிந்து போனது. பிறகு சிறுமிகள் வந்தார்கள். ஏப்ரனோடு வாசலுக்கு ஓடிவந்த மே, வரிசையைத் தேடினாள்.

"அந்தச் சடைதான் லின்," என்றேன்.

மகள் கடந்து போகும்வரை என் கையை அவள் விடவில்லை.

போகிறவர்களுக்கு: கார் வேண்டாம், பார்க்கிங் கிடைக்காது. ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடியுங்கள். குடையை விட ரெயின்கோட் நல்லது. குடை விரித்தால் பின்னாலிருப்பவர் கத்துவார். குழந்தைகளின் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள்.

திங்கட்கிழமை, கணவர் ஆபீஸ் போனதும், நான் மட்டும் மறுபடி ரயிலேறி மேயின் உணவகத்துக்குப் போனேன். தெருவில் வெடிக் காகிதத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். மே எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டுக் காய்கறி சூப் கொண்டுவந்து வைத்தாள். சூப் ஆறும்வரை தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.