வயிற்றுவலி என்று சொன்ன வேணி

வேணிக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. அவளை வயிற்றுவலி என்று சொல்லச் சொன்னவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் தாமிரபரணிக் கரையில் ஒரு பஞ்சாலையில் நூல் நூற்கும் மிஷினில் வேலை பார்த்தோம். நான் பதினேழு வருஷம், அவள் ஆறு வருஷம். முக்கூடலிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். மிஷின் இரைச்சலுக்கு மேலே அவள் சிரிப்புக் கேட்கும். புருஷன் விட்டுவிட்டுப் போனதைக்கூடக் கேலியாகத்தான் சொல்வாள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

தொண்ணூற்று நாலில் ஒரு நாள் எங்களோடு வேலை பார்த்த பியூலாவின் சடை மிஷின் பெல்ட்டில் சிக்கியது. பக்கத்து மிஷினில் நின்ற வேணிதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். தலைத்தோல் பாதி போனாலும் பியூலா பிழைத்துக்கொண்டாள். வேணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுவாரத்திலிருந்து மிஷின் பக்கம் போனாலே அவளுக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, மூச்சு அடைத்தது. பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில், இதோ செத்துவிடுவோம் என்று தோன்றுமாம். கக்கூஸுக்குள் போய் உட்கார்ந்து அழுவாள்.

எங்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டு அட்டை உண்டு. டாக்டருக்கும் காசு வேண்டாம், மருந்துக்கும் வேண்டாம். மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போகக்கூட இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சீட்டு எழுதித் தருவார்கள். ஆனால் லீவு சர்டிபிகேட்டை மில் டைம் ஆபீஸில் கொடுக்க வேண்டும். அங்கே இருந்த கிளார்க்குக்கு வாய் சும்மா இருக்காது. நோயின் பெயரை வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பான். முந்தின வருஷம் எங்கள் மில்லிலேயே வேலை பார்த்த கபிரியேலுக்கு அப்படித்தான் ஆனது. மனநோய் என்று வாசித்த மூன்றாம் நாள் அவனை மிஷினிலிருந்து எடுத்தார்கள், அப்புறம் வீட்டுக்கே அனுப்பினார்கள். வேலை போனதும் அட்டையும் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த வைத்தியமும் அதோடு நின்றது.

அதனால் மில் பெண்கள் எங்களுக்குள் ஒரு வழக்கம். சொல்ல முடியாத எந்த நோய்க்கும் பெயர் வயிற்றுவலி.

"ஏட்டி, நெஞ்சு கிஞ்சுன்னு அங்கன வாயத் தொறக்காத. வயித்துல வலது பக்கம் வலிக்குன்னு சொல்லு" என்றேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஐந்து மாதம் அப்படியே சொன்னாள். மருந்தக டாக்டர் நல்ல மனுஷர், அதுதான் வினையாகப் போயிற்று. இந்தப் பெண் இப்படி வாடுகிறதே என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார். அங்கே குடல்வாலை எடுக்க நாள் குறித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வேணிக்குத் தைரியமில்லை. சொன்னால் அதுவரை எடுத்த லீவெல்லாம் பொய் என்றாகி வேலைக்கு உலை வைத்துவிடும்.

அன்று காலை நான்தான் துணைக்குப் போனேன். தள்ளுவண்டியில் படுத்தவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நர்ஸிடம் உண்மையைக் கொட்டிவிட்டாள். "எனக்கு வயிறு வலிக்கவே இல்லம்மா. மிஷினப் பாத்தாத்தான் செத்துருவேன்னு பயமா வருது."

நர்ஸ் அவள் விரல்களைப் பைய விலக்கினாள். "கத்தியப் பாத்ததும் எல்லாருக்கும் வலி ஓடித்தான் போவும்" என்றாள்.

வேணி என்னைப் பார்த்தாள். அவள் சொல்வது நிஜம்தான் சிஸ்டர் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் வயிற்றுவலி என்று மில்லில் கொடுத்திருந்த பொய் சர்டிபிகேட்டுகள் எல்லாம் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தன. பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். வண்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு மாத லீவு கிடைத்தது. கிளார்க் குடல்வால் என்று மரியாதையாக வாசித்தான். நாங்கள் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். லீவு முடிந்து வந்த முதல் நாள், மிஷின் சத்தம் காதில் விழுந்ததும் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சேலைக்கு மேலே தையலைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, இனி எங்கன வலிக்குன்னு சொல்லட்டும்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்டாள்.