குட்டையன் போன வழி

முகாமில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்களில் வயதில் மூத்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராக இருந்தவள். வருஷா வருஷம் கரும்பலகையில் அதே தவளையின் வயிற்றைக் கிழித்து வரைந்து அலுத்துப்போய், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு முதலை ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். மாமியார் நேராகவே கேட்டாள்:

"இருக்கிற உத்தியோகத்தை விட்டுட்டு முதலை மேய்க்கப் போறியாம்மா?"

"போகட்டும்மா, இத்தனை வருஷமா என்னை மேய்ச்சு அவளுக்கும் போரடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, கணவன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தான்.

மழைக்காட்டில் மழை பெய்யும் என்பது டீச்சருக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் தகரக் கூரை போட்ட பலகை வீட்டில் அந்த மழைக்கடியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் உப்பை எடுக்கச் சொல்வதற்குக்கூடக் கத்த வேண்டியிருக்கும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. துவைத்த துணி காய்வதற்கு முன்பே நாற ஆரம்பித்துவிடும். பூட்ஸுக்குள் பூஞ்சை. காலுறையின் மேல் காலுறை போட்டாலும் அட்டை எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். அவள் அவசரப்படும் நாளாகப் பார்த்துப் படகு மோட்டார் மக்கர் பண்ணும். கூண்டுக்குள் கோழிக்குடலைக் கட்டித் தொங்கவிட்டால் முதலை வராது. உடும்பு வந்து சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போகும்.

இத்தனைக்கும் நடுவில் எப்போதாவது ஒரு முதலை சிக்கும். அப்போதும் அவளுக்கு மனக்குறைதான். மேல்தாடையில் சுருக்குப் போட்டு இழுப்பது படகோட்டியின் வேலை. கண்ணில் ஈரத்துணியைப் போட்டு, வாயை டேப்பால் சுற்றுவது சக மாணவன் ஒல்லியின் வேலை. முதலை துள்ளாமல் அதன் முதுகில் உட்காருவதுதான் அவளுக்கு விடப்பட்டிருந்தது.

"வெயிட் போடணுமே, அக்கா எங்க?" என்பான் ஒல்லி.

அவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் அந்த வேலையை அவள் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். முழங்கால்களை இரண்டு பக்கமும் ஊன்றி, கால்களால் அதன் பின்னங்கால்களை நெருக்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் கழுத்தை அழுத்த வேண்டும். அது மூச்சு விடும்போது அவள் உடம்பு மொத்தமும் மெல்ல உயர்ந்து தாழும்.

அவளுக்கென்று தனியாக அமைந்தது ஒரே ஒரு முதலை. இளசு, ஆண். வாலின் நுனி எப்போதோ கடிபட்டுப் போயிருந்ததால் அதற்குக் குட்டையன் என்று பெயர் வைத்தாள். வால் செதில்களில் துளை போட்டு, கம்பி கோர்த்து, ரேடியோக் கருவியை அவளே தன் கையால் கட்டினாள். அதன்பிறகு தினமும் காலையில் படகில் போய், ரேடியோப் பெட்டியை அந்தக் கருவியின் நம்பரில் வைத்து, ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்து, 'டிக் டிக்' என்ற சத்தம் எந்தத் திசையில் வலுக்கிறது என்று பார்த்து வரைபடத்தில் குறித்துக்கொள்வாள்.

முதலில் குட்டையன் ஒரு சின்ன ஓடையை விட்டு நகரவே இல்லை. அவனை இருந்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் குறித்து அவளுக்கு வெறுத்துப்போயிற்று. பிறகு திடீரென்று கிளம்பினான். பெரிய ஆற்றுக்கு வந்தான், ஆறு இரண்டாகப் பிரியும் இடம்வரை போனான், திரும்பி வந்தான். பெரிய முதலைகள் திரியும் தண்ணீரில் இவ்வளவு சின்னது துணிந்து போவதா? அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வந்த பேராசிரியர் வரைபடத்தைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"இதை வெச்சே ஒரு அத்தியாயம் எழுதலாம்மா" என்றார்.

அன்றைக்குத்தான் அவள் முகாமில் வயிறாரச் சாப்பிட்டாள்.

மழை கொஞ்சம் வெறித்த ஒரு முற்பகலில் பெரிய கூண்டின் கதவு விழுந்திருந்தது. உள்ளே ஒரு கிழட்டு ஆண், கூண்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை வெளியே இழுப்பதற்குள் மூன்று பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. கட்டி முடித்து அவள் மேலே ஏறி உட்கார்ந்தாள். ஒல்லி அளவு டேப்பை விரித்தான். கரையில் வைத்திருந்த ரேடியோப் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"யாராவது அதை அணைச்சுத் தொலைங்களேன், காது வலிக்குது" என்றாள்.

ஒல்லி போனான். போனவன் அணைக்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இது குட்டையனோட நம்பர்."

"பக்கத்துல எங்கயாவது இருப்பான். இப்ப அவனா முக்கியம்? அணை."

அவன் ஆன்டெனாவைக் கழற்றினான்; அது இல்லாவிட்டால் மிக அருகில் இருப்பது மட்டும்தான் கேட்கும். அப்போதும் சத்தம் குறையவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தான். வர வர அது அலறியது.

"பக்கத்துல எல்லாம் இல்லக்கா. நீ அவன் மேலதான் உக்காந்திருக்க."

முதலில் படகோட்டிக்கு வாய் கோணியது. அப்புறம் ஒல்லி அளவு டேப்போடு சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

"சிரிக்காதடா!" என்று கத்தினாள். "தலையில அடிச்சுக்கக்கூட எனக்குக் கை இல்ல!"

உண்மைதான். இரண்டு கையும் கிழவனின் கழுத்தில் இருந்தன. எடுத்தால் ஆபத்து. குட்டையனைத் தின்ற வயிறு தனக்குக் கீழே நிதானமாக ஏறி இறங்குவதை உணர்ந்தபடி, அளவெல்லாம் எடுத்து முடியும்வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. கட்டை அவிழ்த்ததும் கிழவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டான்.

படகுத்துறையில் மட்டும்தான் போன் எடுக்கும். பேராசிரியர் முழுக்கக் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்ல கதைம்மா. அத்தியாயம் போச்சு, அவ்வளவுதான். இன்னொரு பருவம் இருந்து பாருங்க" என்றார்.

"சொல்றது சுலபம் சார். அட்டை கடிக்கிறது உங்களை இல்லையே."

அடுத்த போனில் கணவன் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். "அப்ப நீ குறிச்சதெல்லாம் அந்தப் பெரியவன் போன வழி. அதுவும் முதலைதானே?"

"எப்ப முழுங்குச்சுன்னு யாருக்குத் தெரியும்? எதுவரைக்கும் சின்னவன், எங்கிருந்து பெரியவன்? எதையும் நம்ப முடியாதுங்க. மொத்தமும் குப்பை."

"அப்ப ஊருக்கு வந்துடறியா?"

"வந்தா உங்கம்மா என்ன சொல்வாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சிரிப்பாங்க."

"அதான் வரல" என்று போனை வைத்தாள்.

அடுத்த பருவமும் இருந்தாள். இந்தத் தடவை வேறு முதலைகள், வேறு கருவிகள். சத்தம் கேட்டால் மட்டும் போதாது, முதலையைக் கண்ணால் பார்த்தால்தான் குறிப்பது என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டாள். அது அவள் உயிரை எடுத்தது. மூக்கு நுனி மேலே வரும் என்று படகில் நனைந்தபடி காத்திருப்பாள், பெரும்பாலும் வராது. படகோட்டி தூங்கிவிடுவார். ஆய்வேடு கடைசியில் மெலிசாகத்தான் வந்தது. இவ்வளவு குறைவாக ஏன் என்று தேர்வாளர் கேட்டதற்கு, "பாத்ததை மட்டும்தான் எழுதியிருக்கேன்" என்று சற்றுக் கடுப்பாகவே சொன்னாள். பட்டம் கிடைத்தது.

ஆனால் கருத்தரங்குக்குக் கருத்தரங்கு அவளைத் தேடி வருகிறவர்கள் அந்த ஆய்வேட்டைப் பற்றிக் கேட்பதில்லை. ஒல்லி ஊரெல்லாம் கதையைப் பரப்பிவிட்டிருந்தான்.

"தன் முதலையைத் தின்ன முதலை மேலயே உக்காந்திருந்தது நீங்கதானா மேடம்?"

"ஆமா, நான்தான்" என்பாள். மறுத்துப் பயனில்லை. பிறகு, ஓடையை விட்டு இளசுகள் எந்தத் தண்ணீர் மட்டத்தில் கிளம்புகின்றன என்று, தான் இரண்டாவது பருவத்தில் கண்ணால் கண்டதைச் சொல்ல ஆரம்பிப்பாள். இரண்டாவது வாக்கியத்திலேயே கேட்பவரின் கண் தேநீர் மேஜைப் பக்கம் போகும்.

"இருங்க, முக்கியமானதே இனிமேதான்" என்று வழியை மறித்து நின்று, முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஆளை விடுவாள்.