சுண்ணாம்பு பூசிய டயர்கள்

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது நான்கு டயர்களால். நகையில் குறையில்லை, ஜாதகத்தில் குறையில்லை. டயரின் பக்கவாட்டில் வெள்ளை இல்லை, அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அக்காளைப் புக்கிட் மெர்தாஜாமில் கொடுத்திருந்தோம். அவளுடைய மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பா வாடகைக்குப் பிடித்த திறந்த காரில், டயர்களின் பக்கமெல்லாம் வெள்ளை வட்டம் போட்டிருந்தது. அந்த நாளில் பினாங்கில் அப்படிப்பட்ட காரைச் சீனத் தவுக்கே முதலாளிகளின் வீடுகளில்தான் பார்க்கலாம். ஊரே பேசியது. பேச்சு கடலைத் தாண்டி சுங்கை பாக்காப் வரை போய், எனக்கு வரப்போகும் மாப்பிள்ளையின் தாய்மாமன் காதில் விழுந்தது. நிச்சயத்தன்று அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று.

“மூத்த மாப்பிள்ளைக்கு வந்த வெள்ளச் சக்கரக் கரேட்டா எங்க பையனுக்கும் வரணும்லா.”

அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. நல்லவர், அதைவிடப் பயந்தவர். “வந்துரும், வந்துரும்” என்று தலையாட்டிவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் அண்ணன் சூலியா தெருவில் கார் வாடகைக்கு விடும் பாயிடம் போனான். “அந்த வெள்ளச் சக்கர வண்டி ஒரு தவுக்கே வீட்டுச் சாவுக்குப் போயிருக்கு தம்பி, இன்னும் திரும்பல. இன்னொண்ணு இருக்கு. டயரு மட்டும் கறுப்பு” என்றார் பாய். அண்ணனுக்கு மூளை எப்போதும் முழங்காலில்தான். விருந்தாளிகளின் வெற்றிலைக்கென்று வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கஞ்சியில் குழைத்து, டிரைவரும் அவனுமாக நாலு டயருக்கும் பூசிவிட்டார்கள். வெற்றிலை கேட்டவர்களுக்கெல்லாம் வெறும் பாக்கைக் கொடுத்துச் சமாளித்தாள் அம்மா. விஷயம் தெரிந்ததும் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். “மானம் போச்சுடா!” வேறு கார் பிடிக்க நேரமில்லை.

பினாங்கு மழைக்கு நாள் நட்சத்திரம் ஏது? மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கோயிலிலிருந்து கார் கிளம்பியதும் பிடித்துக்கொண்டது. எங்கள் தெரு முனைக்கு வரும்போது நான் மாடி ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயரிலிருந்து பால் மாதிரி வழிந்தது. மேளம் நின்றது. தாய்மாமன் குடைக்குள்ளிருந்து குனிந்து, விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார்.

“அடப்பாவிகளா, வெத்தலக்கிப் போடுற சுண்ணாம்பு! ஒரு கண்ணுக்கு வெண்ணெ, ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா? வண்டியத் திருப்பு. நெசமான வெள்ளச் சக்கரம் வர்ற வரைக்கும் பையன் இந்த வாசல மிதிக்க மாட்டான்.”

அப்பா நனைந்தபடியே கைகூப்பிக்கொண்டு நின்றார். வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் அந்த மாமன் காலில் விழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. விழுந்தால் நான் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிடுவேன், அதுவும் தெரிந்தது. அப்படியொரு கோபம் எனக்கு.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணெய்ப் புகை ஜன்னல் வரை வந்தது.

திடீரென்று மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்து இறங்கினார். கழுத்தில் மாலை, ஒரு கையில் பட்டு வேட்டியின் நுனி. வாயை இறுக மூடிக்கொண்டு, மாமன் “டேய், டேய்” என்று கத்தக் கத்தத் திரும்பிப் பார்க்காமல், மழையில் நடந்தே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். ஆரத்தி எடுத்தார்கள். உள்ளே வந்தவர் கேட்டது ஒரு சொம்புத் தண்ணீர். மாமன் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார். மறுநாள் தாலி ஏறியது.

அன்றிலிருந்து அப்பாவுக்கு இது ஒரு புராணமாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். “எம் மருமகன் தங்கம். எனக்காகச் சொந்த மாமனையே ஒதறிட்டு வந்தாரு. கேட்டது என்ன? வெறும் தண்ணி!” எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்று மாதம் கழித்து, அக்காளைப் பார்க்க இருவரும் பஸ்ஸில் புக்கிட் மெர்தாஜாம் போனோம். பாதி வழியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

“கரேட்டா, பஸ்ஸு எதுவுமே எனக்கு ஒத்துக்காது. அந்த எண்ண வாட. நம்ம கல்யாணத்தப்பகூட வண்டிய நிக்க வச்சுட்டானுங்களா, கொமட்டிக்கிட்டு வந்துச்சு. அதான் எறங்கி ஓடியாந்துட்டேன்.”

தடவிய கை நின்றுவிட்டது. “கொமட்டாம இருந்திருந்தா?” என்று கேட்டேன்.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். என்னைச் சந்தோஷப்படுத்த ஏதாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வராது.

“மாமா சொன்னாருன்னா உக்காந்துதானே இருக்கணும்.”

முதுகிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் குடும்பம் நடத்தினோம், பிள்ளைகள் பெற்றோம். அவரால் எனக்கு ஒரு குறையும் இல்லை. எதிர்பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவே.

அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு குழறியது.

“ஒன்னய நல்ல எடத்துலதான் குடுத்தேன் இல்லம்மா? மழையில எறங்கி நடந்து வந்தாரே…”

“ஆமாப்பா” என்றேன். “உங்களுக்காகத்தான் வந்தாரு.”