தங்கவேலுக்குப் பேச்சு வந்த கதை

ஜமுனாமரத்தூர் சந்தையில் என் தம்பி தங்கவேலுவைப் பார்க்கிறவர்கள், புளி விலையைக் கேட்பதற்கு முன்னால், "எதனா ஒண்ணு சொல்லுய்யா" என்று கேட்பார்கள். அவன் மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டே ஏதாவது சொல்வான். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவன் முகம் மாறாது. தராசு பிடித்த கையும் ஆடாது.

அவனுக்கு வேடம் கிடையாது, பாட்டு கிடையாது, எழுதி வைத்த வசனமும் கிடையாது. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறாரோ அதை வைத்து அந்த நிமிடத்தில் உண்டாக்கிக்கொள்வான். இது பிறவியில் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. முப்பது வயதுக்கு மேல் முதியோர் கல்வி வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாவலூத்து. ஜவ்வாது மலையில் செங்கத்துக்கு இறங்கும் பக்கம் இருக்கிறது. சாமையும் புளியும்தான் பிழைப்பு. நான் மூத்தவள், சுந்தரம்மாள். ஐந்தாவது வரை படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். தங்கவேலு பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. ஆனால் புளி உலுக்குவதில் அவனைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. கிளையின் எந்த இடத்தில் காலை வைத்து எவ்வளவு ஆட்டினால் பழம் மட்டும் விழும், பிஞ்சு விழாது என்பது அவனுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே பேச்சு குறைவு. குண்டுக்காட்டிலிருந்து பச்சையம்மாவைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு அதுவும் தேவைப்படவில்லை. வீட்டில் பேச்செல்லாம் அவளுடையது. கோழியோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள், இவனைப் பற்றி இவனிடமே பேசுவாள். இவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில் பச்சையம்மாவுக்கு வயிற்று வலி கண்டது. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டோலி என்றால் மூங்கிலில் கம்பளியைத் தூளி மாதிரி கட்டி, நோயாளியை உள்ளே படுக்க வைத்து, முன்னும் பின்னும் ஆள் தூக்குவது. ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் அவள் உயிர் போய்விட்டது. குடல் முறுக்கிக்கொண்டது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அதோடு தங்கவேலு பேசுவதை நிறுத்திவிட்டான். ஊமையாகிவிடவில்லை. சோறு வேண்டுமா என்றால் "உம்" என்பான். மழை வருமா என்றால் வானத்தைப் பார்ப்பான். அழுததும் இல்லை. கருமாதி அன்று எல்லாரும் அழுதபோது அவன் பந்தலின் கயிறு தளர்ந்திருக்கிறது என்று அதை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

பச்சையம்மாவின் அம்மா கெங்கம்மாள், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று பேத்தி காந்தாவைத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளைக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. பிறகு குண்டுக்காட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. பூசாரி வந்து தாயத்துக் கட்டட்டும் என்று நாங்கள் பகல் வரைக்கும் காத்திருந்தோமாம், அதனால்தான் பச்சையம்மா செத்தாளாம். கெங்கம்மாள் அதை நம்பினாள். பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் வழக்கப்படி பிள்ளை அப்பன் வீட்டுக்குத்தான் சேரும். ஊர்த்தலைவரை நாங்கள் கவுண்டர் என்போம்; இரண்டு ஊர்க் கவுண்டர்களும் பங்குனியில் கூட்டம் போட்டார்கள். மாசி என்று சிலர் சொல்வார்கள், பங்குனிதான். கூட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. வழக்குக்காரன் அவன் வாயால் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாரும் அவனுக்காகப் பேசக்கூடாது. நான் எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள். டோலி தூக்கிய வீரன் எழுந்தான். அவன் எங்கள் பங்காளி என்பதால் அவனையும் உட்காரச் சொன்னார்கள். பூசாரியும் பங்காளிதான்.

"அன்னைக்கு இன்னா நடந்துச்சு, சொல்லு தங்கவேலு" என்று எங்கள் ஊர்க் கவுண்டர் கேட்டார். தங்கவேலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்.

"வாயத் தொறக்காதவன் பக்கம் நான் இன்னான்னு தீர்ப்பு சொல்றது? இவன் பேசற வரைக்கும் புள்ள அங்கயே இருக்கட்டும்" என்றார் கவுண்டர். கெங்கம்மாள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். இவன் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்தான்.

முதியோர் கல்வி வகுப்பு அடுத்த வருஷம் வந்தது. நடத்த வந்தவர் கண்ணமங்கலத்துக்காரர், சக்கரவர்த்தி என்று பெயர். மலை ஏறிய அன்று அவர் செருப்பு அறுந்துவிட்டது. மழையில் பாதை சரிந்திருந்ததால் சிலேட்டும் புத்தகமும் மேலே வந்து சேர நாளாயிற்று. வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைச் சும்மா திருப்பி அனுப்ப முடியாது. அதனால் அவர் பயிற்சி முகாமில் பழகிய ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு பேர் நடுவில் நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் ஒரு தலைப்புச் சொல்வார். நிற்கிறவர்கள் அதை வைத்துப் பேசி நடிக்க வேண்டும். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளக்கூடாது.

"இதுல ஒரே ஒரு சட்டம்தாங்க" என்றார் சக்கரவர்த்தி. "எதிர்ல நிக்கிறவரு சொன்னதை இல்லைன்னு சொல்லக்கூடாது. அவரு உங்களைக் கழுதைன்னா நீங்க கழுதைதான். அதுக்கு மேல இன்னா பண்றதுன்னு நீங்க பாத்துக்கணும்."

"என் வூட்டுக்காரரு தெனமும் அப்டித்தான் சொல்றாரு" என்றாள் மாதம்மாள். வாய்க்குப் பயந்து அவளிடம் யாரும் கடன் கேட்பதுகூட இல்லை.

தங்கவேலுவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வீட்டில் சுவரைப் பார்ப்பதற்குப் பதிலாக அங்கே மனிதர்களைப் பார்க்கட்டும் என்றுதான். அவனை நடுவில் நிற்கச் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை. வீரன்தான் கையைப் பிடித்து எழுப்பினான். மாதம்மாள், "காட்டிலாக்கா ஆபீசரு" என்று தலைப்புக் கொடுத்தாள்.

வீரன் மீசையை முறுக்கிக்கொண்டு, "யோவ், அந்த மூட்டையில இன்னா?" என்றான்.

தங்கவேலு தோளில் இல்லாத மூட்டையைக் கீழே இறக்கி வைத்தான். ரொம்ப நேரம் அதைப் பார்த்தான். பிறகு, "நீங்கதாங்க" என்றான்.

"நானா?"

"ஆமாங்க. போன வாரம் காட்டுல தொலைஞ்சு போய்ட்டீங்க. கண்டுபிடிச்சு எடுத்தாறேன். ஆபீசுல குடுத்துட்டு வூட்டுக்குப் போலாம்னு."

"அப்ப உன் எதிர்ல நிக்கிற நான் யாருய்யா?"

"அதை நீங்கதாங்க சொல்லணும். எனக்கு ஒரு ஆபீசரைத் தூக்கத்தான் தெம்பு இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். "மூஞ்சியப் பாரு, ஆறிப்போன களி மாதிரி வெச்சிகினு" என்று மாதம்மாள் சொன்னாள். தங்கவேலு போய் அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "உனக்குச் சிரிப்பு வரலையாடா?" என்று கேட்டேன்.

"வரலக்கா."

"கஷ்டமா இருந்துதா?"

"அதுவும் இல்ல. அவன் ஒண்ணு குடுக்கிறான், நான் ஒண்ணு குடுக்கிறேன். எங்க ஆரம்பிக்கறதுன்னு நான் யோசிக்க வேண்டியதில்ல." அவன் அவ்வளவு நீளமாகப் பேசி வெகு நாளாகியிருந்தது.

அதன் பிறகு நான் இழுக்க வேண்டியிருக்கவில்லை. சிலேட்டு வந்தது, எழுத்தும் படித்தார்கள், ஆனால் வாரம் ஒரு நாள் இந்த விளையாட்டு நின்றதில்லை. சக்கரவர்த்தி ஒவ்வொன்றாகத் திருத்துவார். வீரன் சிரிக்க வைக்க வேண்டுமென்றே முகத்தைக் கோணுவான், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். "நீங்க சிரிப்பைத் தேடாதீங்க வீரன், எதிர்ல நிக்கிறவருக்கு ஒரு வேலை குடுங்க" என்பார். தங்கவேலுவிடம் வேறு குறை இருந்தது. பதில் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடுவான். எதிராளி அடுத்ததைத் தேடித் தவிப்பான். பதிலோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சக்கரவர்த்தி சொன்னார். தங்கவேலு அதைப் புளியமரத்தில் உட்கார்ந்துகூடப் பழகினான். நான் கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து, "வெயில் ஏறுது. உனக்கு நிழலை வெட்டிப் போடவா?" என்று குரல் வரும். நான் ஏதாவது சொன்னால் அதற்கு ஒன்று சொல்வான். ஆனால் விளையாட்டு இல்லாத நேரத்தில் பழைய ஆள்தான். காந்தா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

எண்பதாம் வருஷம் சித்திரையில் மலை முழுவதும் இருக்கும் வகுப்புகளுக்குச் சேர்த்து ஜமுனாமரத்தூரில் விழா வைத்தார்கள். சந்தை நாள், நல்ல பகல். ஒவ்வொரு ஊரும் ஒன்று செய்தது. எங்கள் முறை வந்ததும் தங்கவேலுவும் வீரனும் நடுவில் போய் நின்றார்கள். சக்கரவர்த்தி கூட்டத்தைப் பார்த்து, "தலைப்பை நீங்க குடுங்க, எது வேணா கேளுங்க" என்றார். நான் முன்வரிசையில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது சாமை மூட்டைகளுக்குப் பக்கத்தில் கெங்கம்மாள் நின்றிருந்தாள். காந்தா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யாரோ தேன்கூடு என்றார்கள். யாரோ மாமியார் மருமகள் என்றார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவர், எந்த ஊரோ தெரியாது, எல்லாரையும் விட உரக்க, "டோலி" என்றார்.

சக்கரவர்த்திக்கு எங்கள் கதை தெரியும். "வேற யாராச்சும்" என்று அவர் திரும்புவதற்குள் தங்கவேலு தரையில் உட்கார்ந்துவிட்டான். நோயாளி அவன் என்று அர்த்தம். வீரன் வந்து இல்லாத மூங்கிலைத் தோளில் வைத்தான். அவன் முகம் சரியாக இல்லை.

"நல்லா படுத்துக்க. ஆடாத" என்றான் வீரன்.

"நான் எங்க ஆடறேன், நீதான் ஆடற. முன்னால நீ தூக்கற. பின்னால யாரு தூக்கறது?"

வீரன் திரும்பிப் பார்த்தான். வேறு எதுவும் வாயில் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னான். "பின்னால உன் வூட்டுக்காரன் தங்கவேலுதான்" என்றான்.

ஆம்பளைக்கு வீட்டுக்காரனா என்று கூட்டம் சிரித்தது. சொன்னதை மறுக்கக்கூடாது. பின்னால் வருவது தங்கவேலு என்றால் டோலியில் இருப்பது பச்சையம்மா.

அவன் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான். குரலை மாற்றவில்லை.

"அவனா? அவன் நடந்தா வயித்துல இருக்கிற களி வாய்க்கு வருது. அவனை முன்னால போவச் சொல்லு."

"முன்னால நான் இருக்கிறேனே."

"நீ நடந்தா காதுக்கு வருது. எது தேவலைன்னு நானே பாத்துக்கறேன். பூசாரி எங்க, காணம்?"

"அவரு கால் சுளுக்கிகினு பாறை மேல குந்திட்டாரு, பச்சையம்மா."

"விடியறதுக்கு முன்னால எழுப்பி டோலி தூக்கச் சொன்னா சுளுக்காம இன்னா பண்ணும்? எனக்குக் கட்டற தாயத்தை அவரு கால்லயே கட்டிக்கட்டும். தண்ணி குடு."

"கொஞ்சமா குடி."

"கொஞ்சமா குடிக்கவா இவ்ளோ தூரம் தூக்கியாந்தீங்க? காந்தாவுக்குக் கஞ்சி மூடி வெச்சிருக்கேன், கோழி தள்ளிடப் போவுது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வீரன் தோள் தானாகவே இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. "ரோடு தெரியுது பச்சையம்மா. கொஞ்சம் பொறுத்துக்க" என்றான்.

"தெரியுதா? அப்ப நீங்க ரெண்டு பேரும் ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்தி வையிங்க. நான் பின்னால வர்றேன்."

அதற்குத்தான் எல்லாவற்றிலும் அதிகமான சிரிப்பு. தங்கவேலு படுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். வீரன் தன் தோளில் கை வைத்தபடி நின்றான். அடுத்ததை அவன்தான் சொல்ல வேண்டும். சக்கரவர்த்தி கை தட்டி முடித்துவிட்டார்.

விழா முடிந்ததும் கெங்கம்மாள், நாங்கள் சந்தைக்குக் கொண்டுவந்திருந்த புளி மூட்டைகளுக்குப் பின்னால் வந்து நின்றாள். தங்கவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.

"பஸ்ஸை நிறுத்தி வையின்னு அவளா சொன்னா, மாப்ள?"

"அவதாங்க அத்தை."

"வலியோடவா?"

"வலியோடதான். அதான் கடைசியா சொன்னது."

"பூசாரி?"

"அவரும்தான் தூக்கினாரு. விடியறதுக்கு முன்னால கெளம்பிட்டோம். அவரு விழுந்த பொறவு வீரனும் நானும்தான்."

அவள் வீரனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை அன்னைக்குக் கூட்டத்துல ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலைங்க. இன்னைக்கு வீரன் ஆரம்பிச்சு குடுத்தான்."

காந்தா ஒரு புளியம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் நிற்பது அப்பன் என்று அவளுக்குத் தெரியாது.

"இவ துணியெல்லாம் வூட்ல கெடக்குது" என்றாள் கெங்கம்மாள். "அடுத்த சந்தைக்கு வா, எடுத்தாறேன். கவுண்டருங்க கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"சரிங்க அத்தை."

சொன்னபடி எடுத்து வந்தாள். தங்கவேலு பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் நடந்தான். துணி மூட்டையை நான் எடுத்துக்கொண்டேன். பாதி வழி வரைக்கும் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தது, பிறகு அவன் தலைமேல் கவிழ்ந்து தூங்கிவிட்டது.

வீட்டு வாசலில் இறக்கும்போது, "எப்டிடா இருக்குது?" என்று கேட்டேன்.

"தோள் வலிக்குது" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற ஒண்ணும் தெரியலக்கா" என்றான்.

காந்தா விழித்துப் பாட்டியைத் தேடி, ஆயா எங்கே என்று அழ ஆரம்பித்தாள். நான் தூக்கப் போனேன். "அழட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தொடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அழுது முடிந்ததும் பிள்ளை பசிக்கிறது என்றது. அவன் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தான். விறகு ஈரமாக இருந்தது. புகையில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தான்.